பெஞ்ச் நான்கு அடி, பிரஸ் ஐந்து: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள ஒரு பெஞ்ச். அதற்குச் சொந்தம் கொண்டாட ஐந்து ரீலோடிங் பிரஸ்கள் (சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் புது பிரைமர் என்ற வெடிமூடி, பவுடர், குண்டு வைத்து மீண்டும் தோட்டாவாக்கும் கைப்பிடிக் கருவிகள்): ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ், லீ கிளாசிக் டரெட், டில்லன் 550, ஷாட்கன் தோட்டாவுக்கு ஒரு மெக் 600 ஜூனியர். மாதத்துக்கு 9 மி.மீ. தோட்டா 500, .38 ஸ்பெஷல் 100, இலக்குச் சுடுதலுக்கு .308 ரைபிள் தோட்டா ஒரு 80. 12 போர் ஷாட்கன் தோட்டா வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டும். .38க்கான ஈயக் குண்டுகளை அவரே வார்த்துக்கொள்கிறார். எதை வைத்துக்கொள்ளலாம்?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். டில்லன் 550 பெஞ்சின் ஒரு பக்கம் நிரந்தரமாக இருக்கட்டும். மறுபக்கத்தில் கழற்றி மாட்டும் வசதியோடு ஒரே ஓர் இடம் போதும். ராக் சக்கரும் கோ-ஆக்ஸும் அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மெக் ஒரு பலகையில் பொருத்தப்பட்டு அலமாரிக்குப் போகட்டும். லீ டரெட்டை விட்டுவிடலாம். அது நல்ல பிரஸ்தான். ஆனால் இந்தப் பட்டியலில் அதற்கென்று தனி வேலை மிஞ்சவில்லை.

பலரும் தோட்டா வகைக்கு ஒரு பிரஸ் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் எந்த பெஞ்சும் பற்றாது. வேலையின் தன்மையை வைத்துப் பிரிப்பதே சரி. ரீலோடிங்கில் பிரஸ் செய்யும் வேலை இரண்டே வகை. ஒன்று, எண்ணிக்கை: ஒரே மாதிரித் தோட்டா நூற்றுக்கணக்கில் வேண்டும். இன்னொன்று, வலுவும் துல்லியமும்: ரைபிள் கூட்டை முழு நீளத்துக்கும் சைஸ் செய்வது (சுட்டு விரிந்ததைப் பழைய அளவுக்கு அமுக்குவது), டையில், அதாவது அமுக்கும் அச்சில், சிக்கிய கூட்டை மீட்பது, கோலெட் புல்லரால் குண்டைப் பிடுங்குவது, ராணுவக் கூட்டின் பிரைமர் பாக்கெட்டில் (பிரைமர் அமரும் குழியில்) உள்ள கிரிம்பை, அதாவது இறுக்கிய விளிம்பை, அமுக்கி நீக்குவது, வார்த்த குண்டை அளவுக்குக் கொண்டுவருவது. முதல் வகைக்கு ஒரு பிரஸ், இரண்டாம் வகைக்கு ஒரு பிரஸ். மற்றவை உள்ளே வர வேண்டுமென்றால், இந்த இரண்டாலும் முடியாத ஒன்றைச் செய்து காட்ட வேண்டும்.

எண்ணிக்கை வேலையைப் பார்ப்போம். டைகளை ஒரு வட்டத் தட்டில் வைத்து ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொண்டுவரும் டரெட்டில் ஒரு தோட்டா முடிய நான்கு முறை கைப்பிடியை இழுக்க வேண்டும்: சைஸ் செய்து பிரைமர் வைக்க ஒன்று, வாயை விரித்து பவுடர் போட ஒன்று, குண்டு அழுத்த ஒன்று, கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றி இறுக்க, அதாவது கிரிம்ப் செய்ய, ஒன்று. 500 தோட்டாவுக்கு 2000 இழுப்பு. டில்லன் மாதிரி எல்லா நிலையமும் ஒரே இழுப்பில் வேலை செய்யும் புரோக்ரெசிவில், கூடுகள் நிற்கும் தட்டு நிறைந்த பிறகு ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா வெளியே வந்துவிடும். அதே 500க்கு ஐந்நூற்றுச் சொச்சம் இழுப்பு. மாதம் 500 சுடுகிறவரின் தோளுக்கும் நேரத்துக்கும் இது பெரிய வித்தியாசம். 9 மி.மீ. வேலையில் டில்லனை விட்டு டரெட்டை வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

டரெட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டைகள் பொருத்திய வட்டத் தட்டைத் தூக்கி எடுத்து இன்னொன்றைச் செருகிவிட்டால் தோட்டா வகை மாறிவிடும். கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரையும் மாற்றினால் வேலை தொடங்கலாம். மாதம் நூறு .38 என்பது டரெட்டுக்கே அளவெடுத்தது போன்ற வேலை. ஆனால் அந்த நூற்றுக்காக ஒரு பிரஸ்ஸைப் பெஞ்சில் நிறுத்தி வைப்பதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 550ஐ .38க்கு மாற்றி 300 தோட்டாவை ஒரே அமர்வில் முடிப்பது மேல். 9 மி.மீ., .38 இரண்டுக்கும் வழக்கமாக சிறிய பிஸ்டல் பிரைமர்தான். ஆகவே 550இல் பிரைமர் அமைப்பைத் தொடவே வேண்டாம். நேரத்தைத் தின்பது அதுதான். மாற்ற வேண்டியவை டைகள் பொருத்திய டூல் ஹெட், கூடுகள் நிற்கும் தட்டான ஷெல் பிளேட், கூடுகளைப் பிடிக்கும் லொகேட்டர் பட்டன்கள், பவுடர் டைக்குள் இருக்கும் புனல். டூல் ஹெட் இரண்டு ஊசிகளில் நிற்கிறது. ஊசியை உருவினால் முன்பக்கமாகச் சறுக்கி வந்துவிடும். ஷெல் பிளேட்டைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு போல்ட். அதை மீண்டும் முடுக்கும்போது பிளேட் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடவும் கூடாது. அந்த நிலையில் பக்கவாட்டு செட் ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள். இதை இறுக்காமல் விட்டால் நூறு தோட்டாவுக்குள் பிளேட் மெல்லத் தளர்ந்துவிடும். பிரைமர் முழுதாக உள்ளே இறங்காமல் மேலே துருத்தி நிற்கும். காரணம் தெரியாமல் பிரைமர் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பவுடரை அளந்து போடும் மெஷரை இரண்டாவதாக ஒன்று வாங்காமல் இருப்பதையே இரண்டு டூல் ஹெட்டுக்கும் மாற்றிக்கொள்கிறீர்கள் என்றால், பவுடர் டை அந்தந்த ஹெட்டிலேயே இருக்கட்டும். மெஷரை மட்டும் கழற்றுங்கள். பார் போல்ட்டைத் திருப்பி புதிய அளவுக்கு வைத்த பிறகு முதல் பத்து வீச்சை எண்ணி, அந்தப் பவுடர் வந்த அதே டப்பாவில் திருப்பிக் கொட்டிவிடுங்கள். பவுடர் குழாயில் அமர அவ்வளவு வேண்டும். அடுத்த பத்தைத் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துவந்தால் மட்டுமே முதல் குண்டை அழுத்துங்கள். அளவு எவ்வளவு என்பதற்கு பவுடர் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

550ஐ நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்லும்போதே அதன் ஒரே பெரிய அபாயத்தையும் சொல்ல வேண்டும். அதன் தட்டை நீங்கள்தான் கட்டைவிரலால் சுற்றுகிறீர்கள். சுற்ற மறந்து கைப்பிடியை இரண்டாம் முறை இழுத்தால் அதே கூட்டில் பவுடர் இரண்டு முறை விழும். 9 மி.மீ. கூட்டில் இரட்டைப் பவுடர் துப்பாக்கியை உடைக்கும், விரலைப் பறிக்கும். பவுடரே விழாமல் போனாலும் ஆபத்துதான்: பிரைமர் மட்டும் வெடித்து குண்டைக் குழலுக்குள் பாதியில் தள்ளி நிறுத்திவிடும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். இதற்கு மூன்று காவல் உண்டு, மூன்றும் வேண்டும். அட்டவணையில் உள்ள பவுடர்களில், சரியான அளவே கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பும்படி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரட்டையாக விழுந்தால் வழிந்து கண்ணில் படும். பிரஸ்ஸின் சட்டத்தில் ஒரு சிறிய எல்இடி விளக்கை மூன்றாம் நிலையத்தை நோக்கி ஒட்டுங்கள். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். நடுவில் ஏதாவது சிக்கி இழுப்பு பாதியில் நின்றால், எந்தக் கூட்டில் என்ன நடந்தது என்று ஊகிக்க வேண்டாம். தட்டில் உள்ள எல்லாக் கூட்டையும் எடுத்து, பவுடரைக் கொட்டி, புதிதாகத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

கூட்டில் விழுந்த பவுடரின் அளவைச் சரிபார்க்கும் பவுடர் செக் டை வேண்டும் என்பவர்களுக்கு 550இன் நான்கு நிலையங்கள் இறுக்கமாகத்தான் இருக்கும். மூன்றாம் நிலையத்தில் செக் டையை வைத்து, குண்டு அழுத்துவதையும் கிரிம்பையும் நான்காவதில் ஒரே டையில் முடிக்கலாம். ஈயக் குண்டில் இந்த வழி சில நேரம் ஈயத்தைச் சீவிவிடும். டில்லன் 750, ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி இரண்டிலும் ஐந்து நிலையங்கள் உண்டு, தட்டும் தானாகச் சுற்றும். மாதம் ஆயிரத்துக்கு மேல் போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம். ஐந்நூறுக்கு 550 தாராளமாகப் போதும். கையால் சுற்றுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது: தானாகச் சுற்றும் தட்டு சட்டென்று நிற்கும்போது குட்டையான 9 மி.மீ. கூட்டிலிருந்து பவுடர் துகள்கள் தெறிக்கும். அவை ஷெல் பிளேட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்து பிரைமரைக் கோணலாக்கும்.

இனி வலு வேலை. இங்கேதான் கேட்டவருக்கு உண்மையான தடுமாற்றம். ராக் சக்கரும் கோ-ஆக்ஸும் இரண்டுமே சிங்கிள் ஸ்டேஜ், அதாவது ஒரு நேரத்தில் ஒரே டை. ஒன்றை விற்றுவிடலாமே என்று தோன்றும்.

கோ-ஆக்ஸின் சிறப்பு, டை திருகப்படாமல் ஒரு பள்ளத்தில் செருகப்படுவது. செருகிய டையும், கூட்டின் விளிம்பைப் பிடிக்கும் தாடைகளும் கொஞ்சம் மிதக்கும். ஆகவே கூடும் டையும் தாமாக நேர்க்கோட்டுக்கு வருகின்றன. டை மாற்ற சில நொடிகள் போதும். வெடித்த பிரைமர் நேராகக் கீழே உள்ள கிண்ணத்தில் விழும். கரி பெஞ்சில் சிதறாது. .308 வேலைக்கு இதைவிட இதமான பிரஸ் கிடைப்பது கடினம். ஆனால் அதற்குச் சில விதிகள் உண்டு. டையின் லாக் ரிங் அந்தப் பள்ளத்துக்கு ஏற்ற தடிமனில் இருக்க வேண்டும். ஃபார்ஸ்டரின் சொந்த ரிங் சரியாக இருக்கும், லீ டையோடு வரும் ஓ-ரிங் வைத்த ரிங் ஒத்துவராது. கைப்பிடி பிரஸ்ஸுக்கு மேலாகச் சுற்றி வருவதால், டைக்கு மேல் உயரமாக நிற்கும் கருவி எதுவும் அதில் தட்டும். கூட்டை மேலே தள்ளும் தண்டான ரேமின் தலையில் வழக்கமான ஷெல் ஹோல்டர் பள்ளம் இல்லை. அந்தப் பள்ளத்தில் செருகி வேலை செய்யும் கருவிகளைத் தனி அடாப்டர் இல்லாமல் பயன்படுத்த முடியாது.

கேட்டவர் ஈயம் வார்க்கிறார் என்பது இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. வார்த்த குண்டைச் சைஸ் செய்யும் லீ டை, டைகளுக்குப் பொதுவான 7/8-14 அளவு மரையில் மேலே திருகப்படும்; தள்ளும் கம்பி ரேமின் ஷெல் ஹோல்டர் பள்ளத்தில் நிற்கும்; குண்டு கீழிருந்து ஏறி மேலே உள்ள டப்பாவில் போய் விழும். இது ராக் சக்கர் மாதிரியான ஓ-வடிவ பிரஸ்ஸின் வேலை. பிரைமர் பாக்கெட் கிரிம்பை நீக்கும் கருவியும் அப்படியே. டையில் சிக்கிய .308 கூட்டை வெளியே எடுக்கும்போதும், மாட்டிய டையைச் சுற்றித் தாராளமாகக் கை வைக்க இடமும், கனமான வார்ப்பிரும்புச் சட்டமும் தேவை. ராக் சக்கரின் குறை ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெடித்த பிரைமர்கள் முன்னால் உள்ள தட்டில் பாதியும் தரையில் பாதியுமாக விழும். லீ கிளாசிக் காஸ்ட், ரெடிங் பிக் பாஸ் 2 இரண்டிலும் அவை ரேமுக்குள் இறங்கிக் குழாய் வழியாகப் போய்விடும். ஆனால் இருக்கிற பிரஸ்ஸை இதற்காக மாற்ற வேண்டியதில்லை. தனி டிகேப்பிங் டையை கோ-ஆக்ஸில் வைத்து எல்லாக் கூட்டுக்கும் பிரைமரை அங்கேயே தட்டிவிட்டால் கரி ஒரே கிண்ணத்தில் முடிந்தது.

ஆகவே இரண்டும் இருக்கட்டும், ஒரே இடத்தில் மாறி மாறி. அலமாரியிலும் இடமில்லை, ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால்: வார்க்கிறவர், ராணுவக் கூடு பயன்படுத்துகிறவர் ராக் சக்கரை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் செய்யாதவர் கோ-ஆக்ஸை வைத்துக்கொள்ளலாம்.

எது துல்லியமாகச் செய்கிறது என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு, அரை மணி நேரத்தில் முடியும். ஒரே துப்பாக்கியில், ஒரே எண்ணிக்கை முறை சுடப்பட்ட, ஒரே தயாரிப்பின் .308 கூடுகள் இருபது எடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு லூப் (மசகு) தடவுங்கள். பத்தை ஒரு பிரஸ்ஸிலும் பத்தை மற்றதிலும் அதே டையால் சைஸ் செய்யுங்கள். பிரஸ் மாறும்போது டையைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் கூட்டைப் பிடிக்கும் உயரம் இரண்டிலும் ஒன்றல்ல. பிறகு வெர்னியரில் கம்பேரேட்டர் என்ற துணைக்கருவியை மாட்டி, கூட்டின் அடியிலிருந்து அதன் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) வரை அளந்து எழுதுங்கள். பத்துக்குள் ஏற்ற இறக்கம் 0.002 அங்குலத்துக்குள், அதாவது 0.05 மி.மீ.க்குள் இருந்தால் அந்த பிரஸ்ஸில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதைவிட அதிகம் என்றால் பிரஸ்ஸைக் குற்றம் சொல்லும் முன் லூப்பையும் கூட்டின் கடினத்தையும் பாருங்கள். பலமுறை சுட்டு இறுகிப்போன பித்தளை அமுக்கியதும் திரும்ப எழும்பும். பிரஸ்ஸால் அதைச் சரிசெய்ய முடியாது. சோதனைக்குப் பிறகு .308 டைகளை வெற்றி பெற்ற பிரஸ்ஸுக்கே ஒதுக்கி, லாக் ரிங்கை இறுக்கி, வேறு பிரஸ்ஸுக்குக் கொண்டு போகாமல் இருங்கள்.

இடத்தை அளப்பதில் பலரும் ஏமாறுவது பிரஸ்ஸின் அடிப்பாகத்தை அளப்பதால். அடிப்பாகம் ஒரு சாண்தான் இருக்கும். இடத்தைத் தின்பது கைப்பிடி வீசும் வட்டமும், கூடு, குண்டு, முடிந்த தோட்டா ஆகிய மூன்றின் தட்டுகளும், உங்கள் முழங்கையும். நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியை மேலிருந்து கீழ் வரை முழுதாக இழுத்து, குமிழ் பெஞ்சின் விளிம்பைத் தாண்டி எவ்வளவு முன்னால் வருகிறது, பக்கத்தில் எவ்வளவு போகிறது என்று சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்களுக்கு நடுவில் மையத்துக்கு மையம் குறைந்தது ஒன்றரை அடி வேண்டும். புரோக்ரெசிவுக்கு இருபுறமும் தட்டுகள் வருவதால் அது இரண்டடிக்குக் குறையாமல் கேட்கும். நான்கடிப் பெஞ்சில் 550க்கு இரண்டடி, மாற்று இடத்துக்கு ஒன்றேகால் அடி போனால் நடுவில் முக்கால் அடி மிஞ்சும். கூடுகளை நிறுத்தி வைக்கும் லோடிங் பிளாக்கும் திறந்து வைத்த குறிப்பேடும் நிற்க அது வேண்டும். அதை எந்தக் கருவிக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வலது கைக்காரர் என்றால் 550ஐ வலது கோடியில், பெஞ்சின் காலுக்கு நேர் மேலே வையுங்கள். மாற்று இடம் இடது காலுக்கு மேலே. பெஞ்சின் நடுவில் பிரஸ்ஸை வைத்தால் .308ஐ இழுக்கும் ஒவ்வொரு முறையும் பலகை வளையும். வளைவதால் கூட்டின் அளவு கெடுமா என்றால், ஓ-வடிவச் சட்டத்தில் கெடாது. டையும் ரேமும் ஒரே மூடிய சட்டத்துக்குள் இருப்பதால் பெஞ்ச் எவ்வளவு ஆடினாலும் அவற்றுக்கிடையே உள்ள தூரம் மாறாது. கெடுவது மற்றவை: தராசு நிலைகொள்ளாது, பவுடர் மெஷரில் பவுடர் அமரும் அடர்த்தி வீச்சுக்கு வீச்சு மாறும், நிரப்பிய கூட்டிலிருந்து துகள் சிந்தும். அதனால் பெஞ்சின் மேல்பலகை குறைந்தது 36 மி.மீ. தடிமன் இருக்கட்டும், 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகினாலே போதும். பின்பக்கத்தைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். கைப்பிடியை மேலே தூக்கும்போது, குறிப்பாகக் கூட்டின் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் பந்து அதில் உரசி வரும்போது, பெஞ்சின் முன்பக்கம் தரையிலிருந்து எழும்பப் பார்க்கும். எடை மட்டும் அதைத் தடுக்காது.

தராசைப் பெஞ்சிலேயே வைக்காதீர்கள். கண் உயரத்தில், சுவரில் தனித் தாங்கியில் ஒரு சிறு தட்டு அடித்து அதில் வையுங்கள். பெஞ்ச் அதிர்வு போகாது, இடமும் மிச்சம், பீம் தராசின் முள்ளைக் குனியாமல் பார்க்கலாம். மின்விசிறி ஓடும் திசையில் மட்டும் வேண்டாம். கூடுகளைச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரம் தரைக்குப் போகட்டும். பிரைமர் வைக்கக் கைக்கருவி இருந்தால் சிங்கிள் ஸ்டேஜின் பிரைமர் கையே தேவைப்படாது; .308க்கு எப்படியும் கையால் வைத்தால்தான் பிரைமர் அடியைத் தொடுவது விரலுக்குத் தெரியும்.

மாற்று இடத்தைச் செய்யும் முறை. ஒரு கெட்டியான பிளைவுட் துண்டை, 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் வெட்டி, நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே ஓட்டை போடுங்கள். இதுதான் மாதிரிப் பலகை. இதைப் பிரஸ்ஸுக்குப் பயன்படுத்தாமல் பத்திரமாக வையுங்கள். இதை வைத்தே பெஞ்சிலும் ஒவ்வொரு பிரஸ் பலகையிலும் ஓட்டை போட்டால்தான் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும். பெஞ்சின் அடிப்பக்கத்திலிருந்து மரத்தில் பதிந்து நிற்கும் எம்10 டீ-நட்டுகள் நான்கை அடித்துப் பொருத்துங்கள். ஒவ்வொரு பிரஸ்ஸையும் 36 மி.மீ. தடிமனுள்ள தனிப் பலகையில் பொருத்துங்கள். போல்ட் கீழிருந்து மேலே வர வேண்டும், தலை பலகைக்குள் புதைந்திருக்க வேண்டும். எம்8 போல்ட்டுக்கும் வாஷருக்கும் 10 மி.மீ. ஆழக் குழி போதும். தலை துருத்தினால் பலகை பெஞ்சில் படியாமல் ஆடும். வாஷர் அகலமானதாக இருக்கட்டும், இல்லையென்றால் சில மாதத்தில் போல்ட் தலை மரத்துக்குள் புதைந்து பிடி தளரும். பிரஸ்ஸின் முன்விளிம்பும் பலகையின் முன்விளிம்பும் பெஞ்சின் முன்விளிம்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். ரேமைத் தள்ளும் இணைப்புகள் பெஞ்ச் மட்டத்துக்குக் கீழே இறங்கி வரும். உள்ளே தள்ளி வைத்தால் மரத்தில் இடிக்கும். அதே காரணத்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே இழுப்பறை வேண்டாம். மேலே குமிழ் வைத்த போல்ட் நான்கைத் திருகினால் மாற்றும் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். மரவேலை வேண்டாம் என்பவர்களுக்கு இன்லைன் ஃபேப்ரிகேஷன் விற்கும் மாற்றுத் தட்டுகள் இதே வேலையைச் செய்கின்றன.

மெக் 600 ஜூனியருக்கு இவ்வளவு வலு வேண்டாம். ஷாட்கன் கூட்டை நிரப்ப அதிக அழுத்தம் தேவையில்லை. நீளமான ஒரு பலகையில் பொருத்தி இரண்டு ஜி-கிளாம்ப் போட்டாலே நிற்கும். ஆனால் கிளாம்ப் இல்லாமல் வைக்காதீர்கள்; மேல் புட்டியில் ஈயச் சிறுகுண்டு நிறைந்ததும் எடை முழுக்கத் தலையில் ஏறி எளிதில் சாயும். அலமாரிக்குப் போகும் முன் இரண்டு புட்டியையும் காலி செய்யுங்கள். விழும் அளவைத் தீர்மானிக்கும் சார்ஜ் பாரையோ புஷிங்கையோ மாற்றினால், அதில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் விழுவதை நிறுத்துப் பாருங்கள்.

புட்டி காலி செய்வது பற்றிச் சொன்னது எல்லா பிரஸ்ஸுக்கும் பொருந்தும். பிரஸ்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு இடத்தைவிடப் பெரிய காரணமும் இதுதான். ஐந்து பிரஸ் பெஞ்சில் நின்றால் மூன்றின் தலையில் பவுடர் இருக்கும், மூன்றும் வேறு வேறு. எந்தப் புட்டியில் எது என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அந்தப் பவுடரைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. தவறாக அடுத்த டப்பாவில் கொட்டிவிட்டால் அந்த டப்பா முழுதும் போனது. பெஞ்சில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா, அது பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் பெயர் தெரியும்படி. அமர்வு முடிந்ததும் பவுடர் அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். பிரைமருக்கும் இதே கவனம் வேண்டும்: நூறு பிரைமர் அடுக்கிய குழாய் சிக்கினால் கம்பியால் குத்தாதீர்கள், ஒன்று வெடித்தால் முழுக் குழாயும் வெடிக்கும். கண்ணாடி அணியாமல் அந்தக் குழாயைத் தொடவே வேண்டாம்.

கேட்டவரின் கணக்கு மாறினால் பதிலும் மாறும். மாதம் மொத்தமே 200தான், ஆனால் ஐந்து வகைத் தோட்டா என்றால் நிலைமை தலைகீழ்: லீ டரெட் இருக்க வேண்டும், டில்லன் போகலாம். ஐந்து வகைக்கும் ஷெல் பிளேட், டூல் ஹெட் என்று வாங்கி அடுக்கி, நாற்பது தோட்டாவுக்காக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வட்டத் தட்டைச் சுற்றும் தண்டை உருவிவிட்டால் டரெட் சிங்கிள் ஸ்டேஜாகவும் வேலை செய்யும். அதைத் தானாகச் சுற்ற வைக்கும் சிறிய பிளாஸ்டிக் ராச்செட் மட்டும் தேயும், கைப்பிடியைப் பாதியில் திருப்பும் பழக்கம் இருந்தால் சீக்கிரமே தேயும். இரண்டு உதிரி வைத்துக்கொண்டால் கவலையில்லை. மாதம் நூறுக்குள் ரைபிள் தோட்டா மட்டும் என்றால் ஒரு சிங்கிள் ஸ்டேஜும் ஒரு நல்ல தராசும் போதும், பெஞ்சில் பாதி காலியாகவே இருக்கும். டில்லன் ஸ்கொயர் டீல் பி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் டைகள் அதற்கு மட்டுமே உரியவை, ரைபிள் தோட்டாவும் அதில் முடியாது. இடம் குறையும்போது முதலில் வெளியேற வேண்டியது அதுவாகத்தான் இருக்கும்.

டரெட்டைக் கைமாற்றும் முன் சில வேலைகள் உண்டு. டைகள் 7/8-14 மரை என்பதால் அவற்றைக் கொடுக்க வேண்டாம்; .38 டைகள் 550இன் டூல் ஹெட்டுக்கு அப்படியே வரும், அங்கே வாயை விரிப்பதைப் பவுடர் புனல் பார்த்துக்கொள்வதால் விரிக்கும் டை மட்டும் உபரி. ஷெல் ஹோல்டரையும் வைத்துக்கொள்ளுங்கள், ராக் சக்கருக்கு உதவும். வட்டத் தட்டுகள், தண்டு, உதிரி ராச்செட் மூன்றும் பிரஸ்ஸோடு போகட்டும். பிரைமர் அமைப்பில் ஒளிந்திருக்கும் பிரைமர், மெஷரின் மூலையில் ஒட்டியிருக்கும் பவுடர் இரண்டையும் முழுதாக வெளியேற்றுங்கள். ரேமைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி, வாங்குகிறவர் தம் நாட்டுச் சட்டப்படி ரீலோடிங் செய்ய உரிமை உள்ளவர்தானா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். .38க்கான ஷெல் பிளேட்டும் டூல் ஹெட்டும் கைக்கு வந்து, 550இல் முதல் ஐம்பது .38ஐ ஏற்றி, துப்பாக்கியின் சிலிண்டரில் ஒவ்வொன்றும் தடையில்லாமல் இறங்குகிறதா என்று சரிபார்த்த பிறகே டரெட்டை விலைக்கு விடுங்கள்.